வஜீருக்கு இடப்பக்கம் அமர்ந்த இருவர்

உலக வரலாறு கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



உதுமானியப் பேரரசுக்கு நம் வகுப்பறைகளில் ஒதுக்க முடிவது இரண்டு மூன்று பாடவேளைதான். அதற்குள் 1453 வந்தாக வேண்டும். கான்ஸ்டாண்டிநோபிள் மதிலை இடித்த பீரங்கிகளும் ஜானிசாரிப் படையும் வந்தாக வேண்டும். சுலைமான் வியன்னா வரை போய்த் திரும்பியாக வேண்டும். அதற்குப் பிறகு நேரே முதல் உலகப்போர். பிள்ளைகள் மனத்தில் வாளும் தலைப்பாகையும் தங்கிவிடுகின்றன. ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் நின்ற ஓர் அரசு அன்றாடம் எப்படி நடந்தது, யார் கையெழுத்தில் நடந்தது என்று கேட்பதற்குள் மணி அடித்துவிடுகிறது.

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடல். உங்கள் பாடத்தில் சுல்தான் இருக்கிறார், தலைமை வஜீர் இருக்கிறார், படை இருக்கிறது. இவர்களோடு இன்னும் இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வந்திருக்கிறேன். அவர்களைத் துருக்கி மொழியில் காஜியஸ்கர் என்பார்கள். படையின் காஜி, அதாவது படையின் நீதிபதி, என்று பொருள். ரூமேலி எனப்பட்ட ஐரோப்பிய மாகாணங்களுக்கு ஒருவர், அனதோலியாவுக்கு ஒருவர். இவர்களை விட்டுவிட்டு உதுமானிய ஆட்சியைச் சொல்வது, அரசாங்கத்தில் பாதியை இருட்டில் வைத்துவிட்டுச் சொல்வதாகும் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் அவர்கள் அமர்ந்த இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். இஸ்தான்புல்லில் தோப்காபி அரண்மனையின் இரண்டாம் முற்றத்தில் கவிகைமாடம் கொண்ட கூடம் ஒன்று இன்றும் இருக்கிறது. பேரரசின் திவான் அங்கேதான் கூடியது. பதினாறாம் நூற்றாண்டில் வாரத்தில் நான்கு நாள் கூடியது. நடுவில் தலைமை வஜீர். அவருக்கு வலப்பக்கம் மற்ற வஜீர்கள், இடப்பக்கம் ரூமேலி, அனதோலியா காஜியஸ்கர்கள். கருவூலத்தைக் கவனிக்கும் தெஃப்தர்தார்களும், ஆணைகளில் சுல்தானின் துக்ரா முத்திரையை வரையும் நிஷான்ஜியும் உடனிருப்பார்கள். ஷேக்குல் இஸ்லாம் என்ற தலைமை முஃப்திக்கு இந்தக் கூடத்தில் இருக்கை கிடையாது. போரும் வரியும் பேசிய அதே அவையில், வாசலில் மனுவோடு நின்ற குடியானவனின் வழக்கும் எடுக்கப்பட்டது. ஆண், பெண், முஸ்லிம், கிறித்தவர், யூதர் என யாரும் அங்கே முறையிடலாம். ஷரியத்தின்படி தீர்க்க வேண்டிய வழக்கு வந்தால் தலைமை வஜீர் அதை இடப்பக்கம் திருப்புவார். பெரும்பாலும் ரூமேலி காஜியஸ்கர் அதைக் கேட்பார். சுவரின் மேல்புறம் ஒரு கம்பிவலைச் சாளரம் உண்டு. அதன் பின்னால் சுல்தான் இருக்கிறாரா இல்லையா என்பது கூடத்தில் அமர்ந்திருப்பவர் யாருக்கும் தெரியாது.

1527-இல் இந்தக் கூடத்தில் ஒரு வழக்கு நடந்தது. உங்கள் வகுப்புக்கு இதைவிட நல்ல வாயில் எனக்குத் தெரியவில்லை.

மொல்லா காபிஸ் என்ற அறிஞர், நபிகள் நாயகத்தைவிட ஏசுவே மேலானவர் என்று வாதிட்டு வந்தார். மற்ற அறிஞர்கள் அவரைப் பிடித்துத் திவானுக்குக் கொண்டுவந்தார்கள். தலைமை வஜீர் இப்ராஹிம் பாஷா வழக்கைக் காஜியஸ்கர்களிடம் ஒப்படைத்தார். ரூமேலிக்கு ஃபெனாரிஸாதே முஹியித்தீன், அனதோலியாவுக்குக் காதிரி செலெபி. காபிஸ் அஞ்சவில்லை. குர்ஆன் வசனங்களையும் நபிமொழிகளையும் எடுத்துவைத்து வாதாடினார். இரு நீதிபதிகளும் கொதித்துப்போய் மரண தண்டனை சொன்னார்கள். ஆனால் அவருடைய வாதங்களில் ஒன்றைக்கூட அவர்களால் மறுத்துச் சொல்ல முடியவில்லை. வஜீர் தடுத்தார். இந்த மனிதனின் கூற்று பிழை என்றால் எங்கே பிழை என்று சட்டத்தின் வழியாகக் காட்டுங்கள், சினம் தீர்ப்பாகாது என்பது அவர் நிலை. காட்ட முடியாமல் போகவே காபிஸை விடுவித்துவிட்டார்.

சாளரத்தின் பின்னால் அன்று சுல்தான் சுலைமான் இருந்தார். அவருக்குக் கடுங்கோபம். மறுநாளே காபிஸை மீண்டும் பிடித்துவரச் செய்து, தலைமை முஃப்தி கெமால்பாஷாஸாதேயையும் இஸ்தான்புல் காஜி சாதி செலெபியையும் வரவழைத்தார். முஃப்தி பொறுமையாகக் கேட்டார். வாதத்துக்கு வாதம் பதில் சொல்லி, பிழை எங்கே என்று காட்டினார். பிறகு காஜி, கருத்தைக் கைவிடுகிறாயா என்று கேட்டார். காபிஸ் மறுத்தார். தலை துண்டிக்கப்பட்டது.

ஒரு மனிதன் தன் கருத்துக்காகக் கொல்லப்பட்ட கதை இது. அதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம், மென்மையாக்கவும் வேண்டாம். அதே நேரம் அந்தக் கூடத்தில் நடந்ததை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். பேரரசின் இரு பெரிய நீதிபதிகள் சொன்ன தண்டனையை, காரணம் காட்டவில்லை என்ற ஒரே குறையால், மதக்கல்வி பெறாத ஒரு வஜீர் நிறுத்திவைக்கிறார். எல்லாம் வல்லவர் என்று நாம் சொல்லிக்கொடுக்கும் சுல்தானும் கத்தியை நேரே எடுக்கவில்லை. முஃப்தி, காஜி, வாதம், கேள்வி என்று ஒரு முறையைக் கடந்தே அந்த முடிவுக்குப் போகிறார். தனக்கு வேண்டிய முடிவுதான் என்றாலும் அவருக்கு ஒரு நீதிபதியின் வாய் தேவைப்பட்டது.

படை நீதிபதி என்றவுடன் பிள்ளைகள் இராணுவ நீதிமன்றத்தை நினைப்பார்கள். தொடக்கம் ஏறத்தாழ அதுதான். முதலாம் முராத் 1360-களில் இந்தப் பதவியை ஏற்படுத்தினார். முதலில் அமர்ந்தவர் சாந்தார்லி காரா ஹலீல். பிலெஜிக், இஸ்னிக், பூர்சா ஊர்களில் காஜியாக இருந்தவர். சுல்தான் போருக்குப் போனால் காஜியஸ்கரும் கூடாரத்தோடு போக வேண்டும். பழைய நாளாகமங்கள் இவர் காலத்துச் செய்தி ஒன்றைச் சொல்கின்றன. போரில் பிடித்த அடிமைகளில் ஐந்தில் ஒரு பங்கு ஆட்சியாளருக்கு உரியது என்ற சட்ட விதியை காரா ருஸ்தம் என்ற மதரசா அறிஞர் காஜியஸ்கர் ஹலீலுக்கு எடுத்துக்காட்டினாராம். அடிமை ஒருவரின் விலை 125 அக்சே காசு என்று வைத்து, தலைக்கு 25 அக்சே கலிபோலியில் வசூலிக்கத் தொடங்கினார்கள். பணமாகக் கொடுக்காதபோது ஆளையே எடுத்துக்கொண்டார்கள். ஜானிசாரிப் படைக்கு அந்த நாளாகமங்கள் சொல்லும் தோற்றம் இதுதான். நாம் படத்தோடு கற்பிக்கிற அந்தப் படையின் பிறப்பிலேயே ஒரு நீதிபதி நிற்கிறார்!

காரா ஹலீல் பிறகு வஜீர் ஆனார். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்தப் பதவியில் இருந்து, 1453 வெற்றிக்குப் பின் பேரன் சாந்தார்லி ஹலீல் பாஷா கொல்லப்படுவதோடு சரிந்தது. காஜியஸ்கர் பதவி சரியவில்லை, வளர்ந்தது. இரண்டாம் மெஹ்மெத் ஆட்சியின் கடைசிக் கட்டத்தில், 1481 வாக்கில், அது ரூமேலி, அனதோலியா என இரண்டாகப் பிரிந்தது. முதலாம் செலீமின் வெற்றிகளுக்குப் பின் மூன்றாவதாக ஒன்றை ஏற்படுத்திப் பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை. இருவரில் ரூமேலிக்காரரே மூத்தவர்.

இனி, இந்த மடலின் நோக்கத்துக்கு வருகிறேன். காஜியஸ்கரின் உண்மையான வலிமை அவர் சொன்ன தீர்ப்புகளில் இல்லை. நீதிபதிகளை நியமிப்பதில் இருந்தது.

அது ஏன் இவ்வளவு பெரிது என்று புரிய, ஒரு சிற்றூர்க் காஜி என்ன செய்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். திருமணமும் மணமுறிவும் வாரிசுரிமையும் அவரிடம் வரும். வீடு விற்றால் பத்திரம் அவர் முன்னால் எழுதப்படும். ரொட்டிக்கும் இறைச்சிக்கும் சந்தை விலை குறிப்பது, வக்ஃபு கணக்கைப் பார்ப்பது, படை கடந்துபோனால் தானியம் திரட்டுவது, தலைநகரிலிருந்து வரும் ஆணையை ஊரார் கேட்கப் படித்துப் பதிவேட்டில் எழுதுவது எல்லாம் அவர் பொறுப்பு. மாவட்டத்தில் சுல்தானின் வாளாக சஞ்சக் பே இருந்தார். அந்த பே காஜியின் தீர்ப்பில்லாமல் யாரையும் தண்டிக்கக் கூடாது. காஜியோ பேயின் கை இல்லாமல் தண்டனையை நிறைவேற்ற முடியாது. ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கும்படி அமைத்த ஏற்பாடு இது. பே அத்துமீறினால் காஜி தலைநகருக்கு எழுதலாம். தாசில்தார், சார்பதிவாளர், நீதிபதி ஆகிய மூவரும் ஒரே ஆளாகக் குடியானவன் முன்னால் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட காஜிகளில் நாள் வருமானம் 150 அக்சே வரையுள்ள பதவிகள் எல்லாம் காஜியஸ்கர்களின் கையில் இருந்தன. கீழ்நிலை மதரசா ஆசிரியர்களும் அப்படியே. டான்யூப் கரையில் ஒரு சிற்றூருக்கு யார் காஜி என்பது ரூமேலிக்காரரின் பதிவேட்டில் முடிவாகும். பெயர்களைச் சுல்தான் முன்னால் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும், ஆனால் பெயரைத் தேர்ந்தெடுப்பவர் காஜியஸ்கர்.

இந்த அதிகாரத்தின் கூர்மையைச் சுல்தான்களும் அறிந்திருந்தார்கள். மொல்லா கூரானி இரண்டாம் மெஹ்மெத்தின் ஆசிரியர். சிறுவனாக இருந்தபோது அவனைப் பிரம்பால் அடித்துப் படிக்கவைத்தவர் என்பார்கள். மெஹ்மெத் சுல்தானானதும் அவருக்கு வஜீர் பதவி தர முன்வந்தார். கூரானி மறுத்து, காஜியஸ்கர் பதவியை ஏற்றார். பிறகு நடந்ததை அறிஞர் வரலாறு எழுதிய தாஷ்கொப்ருலுஸாதே பதிவு செய்திருக்கிறார். சுல்தானைக் கேட்காமலேயே கூரானி காஜிகளையும் ஆசிரியர்களையும் நியமிக்கத் தொடங்கிவிட்டார். சுல்தானுக்கு உள்ளூரக் கசப்பு. ஆசிரியரிடம் நேரில் சொல்ல முடியாமல், பூர்சாவின் வக்ஃபுகள் சீர்குலைந்து கிடக்கின்றன, நீங்கள்தான் போய்ச் சரிசெய்ய வேண்டும் என்று அவரைப் பூர்சா காஜியாக அனுப்பிவிட்டார். அங்கே ஒருநாள் சுல்தானின் ஆணையோடு ஆள் வந்தான். ஆணை ஷரியத்துக்கு முரணாக இருந்தது. கூரானி அதைக் கிழித்துப்போட்டு, கொண்டுவந்தவனையும் அடித்து அனுப்பினார். பதவி போயிற்று. எகிப்துக்குப் போனார். சில ஆண்டுகளில் மெஹ்மெத்தே அவரைத் திரும்ப அழைத்தார். 1480-இல் அவர் தலைமை முஃப்தி ஆனார்.

வஜீர் பதவி வேண்டாம் என்றவர் இதை ஏன் ஏற்றார் என்று உங்கள் மாணவர்களிடம் கேளுங்கள். அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

நியமன அதிகாரம் ஒரு மனிதரின் விருப்பமாகவே இருந்தால் என்ன ஆகும் என்ற கவலை அவர்களுக்கும் இருந்தது. மதரசாவில் படித்து முடித்த இளைஞர்கள் பெருகிக்கொண்டே போனார்கள், பதவிகள் அந்த அளவுக்கு இல்லை. வரிசையில் பெயர் ஏற வழியில்லை என்ற முறையீடு சுலைமான் வரை போனது. 1537 முதல் 1545 வரை ரூமேலி காஜியஸ்கராக இருந்த எபுசூத் எஃபெந்தி அதற்கு ஒழுங்கு கொண்டுவந்தார். எந்த நிலையிலுள்ள அறிஞர் எத்தனை மாணவரைப் பரிந்துரைக்கலாம், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பரிந்துரைக்கலாம் என்று வரையறுத்து, பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றவைத்தார். பதிவேட்டில் ஏறியவர் காத்திருப்பவர். முறை வரும்போது பதவி. பதவிக்காலம் முடிந்ததும் இறங்கி, இஸ்தான்புல்லுக்கு வந்து, காஜியஸ்கரின் அவையில் மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். மூன்று ஆண்டாக இருந்த காஜியின் பதவிக்காலம் பிறகு இரண்டாகி, கடைசியில் இருபது மாதமாகச் சுருங்கியது. காத்திருப்போர் வரிசை நீள நீள, அமர்ந்திருப்பவரின் காலம் குறைந்தது. அந்த இருபது மாத வருமானத்தில்தான் அடுத்த காத்திருப்புக்கும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டணத்தைக் கூட்டி வாங்கிய காஜிகளைப் பற்றிய முறையீடுகள் ஏன் பெருகின என்பதற்குத் தனி மனிதர்களின் பேராசையை மட்டும் காரணம் காட்டுவது நியாயமாகாது.

படையோடு இருந்த பழைய தொடர்பும் முழுதாக அறுந்துவிடவில்லை. உதுமானியர் மக்களை இரண்டாகப் பார்த்தார்கள். வரி கொடுப்போர் ரஆயா. படைவீரர், அதிகாரி, அறிஞர் என அரசுக்குப் பணி செய்து வரிவிலக்குப் பெற்றோர் அஸ்கெரி. அஸ்கெரி ஒருவர் இறந்தால் சொத்தைக் கணக்கெடுத்து வாரிசுகளுக்குப் பிரித்துக்கொடுப்பது காஜியஸ்கரின் உரிமை. அவர் சார்பில் கஸ்ஸாம் என்ற அலுவலர் போவார். பிரித்துக்கொடுத்ததற்குக் கட்டணம் உண்டு, அதனால் ஊர்க் காஜிக்கும் கஸ்ஸாமுக்கும் ஓயாத சண்டையும் உண்டு. அந்தக் கஸ்ஸாம்களின் வேலை நமக்கு விட்டுச்சென்றது ஒரு புதையல். எதிர்னே நகரத்துக் கஸ்ஸாமின் பதிவேடுகளில் 1545 முதல் 1659 வரையுள்ளவற்றை ஓமெர் லுத்ஃபி பார்கான் 1966-இல் ஆய்ந்து வெளியிட்டார். இறந்தவரின் அங்கி, செப்புப் பாத்திரம், குதிரை, புத்தகம், அடிமை, வரவேண்டிய கடன் என்று விலையோடு எழுதியிருக்கும். ஒரு பேரரசின் நடுத்தர மனிதன் எப்படி வாழ்ந்தான் என்பதைப் போர்க்கள ஓவியம் எதுவும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை.

இந்த இருக்கை பாதுகாப்பானது என்றும் எண்ணிவிடக் கூடாது. தாஜிஸாதே ஜாஃபர் செலெபி புகழ்பெற்ற கவிஞர், அனதோலியா காஜியஸ்கர். 1514-இல் சால்திரானில் வென்ற பிறகும் ஜானிசாரிகள் மேலே போக மறுத்துக் கலகம் செய்தார்கள். தூண்டிவிட்டவர்களில் ஜாஃபரும் ஒருவர் என்று முதலாம் செலீம் ஐயப்பட்டார். படையைக் கலகத்துக்குத் தூண்டியவனுக்கு என்ன தண்டனை என்று செலீம் அவரிடமே கேட்டதாகவும், மெய்ப்பிக்கப்பட்டால் மரணம் என்று அவர் சொன்னதாகவும் ஒரு மரபு உண்டு. 1515-இல் அவர் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு அதே பதவிக்கு வந்தவர், முன்னால் நாம் முஃப்தியாகப் பார்த்த கெமால்பாஷாஸாதே. எகிப்துப் படையெடுப்பில் செலீமோடு போனார்.

இனி இறங்குமுகம். இதை நீங்கள் விரைவாகவே கடந்துபோகலாம். எபுசூத் 1545-இல் ஷேக்குல் இஸ்லாம் ஆகி 1574-இல் இறக்கும்வரை இருந்தார். அவர் கையில் அந்தப் பதவி ஓங்கியது, உயர்நிலை நியமனங்கள் அந்தப் பக்கம் போயின. காஜியஸ்கர் பதவி அதற்கு ஏறும் கடைசிப் படியாயிற்று. எல்லாரும் ஏறிவிடவில்லை. பெருங்கவிஞர் பாகி ரூமேலி காஜியஸ்கர் வரை வந்து, மேலிருந்த அந்த ஒரு பதவிக்காக ஏங்கி, கிடைக்காமலே 1600-இல் இறந்தார். பதினேழாம் நூற்றாண்டில் காஜியஸ்கரின் காலமும் ஓராண்டாகச் சுருங்கியது. பதவி இல்லாமல் பட்டத்தை மட்டும் வழங்கும் வழக்கமும் பரவியது. 1630-களின் தொடக்கத்தில் கோச்சி பே நான்காம் முராதுக்குக் கொடுத்த அறிக்கையில், கற்றோர் பதவிகள் தகுதியை விட்டுச் சிபாரிசுக்கும் பணத்துக்கும் போவதை வேதனையோடு எழுதினார். 1703-இல் ஷேக்குல் இஸ்லாம் ஃபெய்ஸுல்லா எஃபெந்தி தன் மகன்களையும் உறவினரையும் உயர்பதவிகளில் நிரப்பியது பெருங்கலகத்துக்குக் காரணங்களில் ஒன்றாயிற்று. அவரைக் கொன்றார்கள், சுல்தான் இரண்டாம் முஸ்தஃபா அரியணை இழந்தார். நியமனத்தில் கைவைத்ததும் ஒரு காரணமாகி ஓர் அரியணையே கவிழ்ந்ததை உங்கள் காலக்கோட்டில் சேர்க்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதிய நீதிமன்றங்களும் நீதி அமைச்சகமும் வந்தன. 1869 முதல் 1876 வரை மெஜெல்லே என்ற குடிமைச் சட்டத் தொகுப்பை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய அஹ்மெத் ஜெவ்தெத் பாஷா, காஜியஸ்கர் பட்டம்வரை போய், 1866-இல் அறிஞர் வரிசையை விட்டு வஜீர் வரிசைக்கு மாறியவர். ஹாகியா சோஃபியாவின் உட்புறப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவீர்கள் அல்லவா? அங்கே தொங்கும் எட்டுப் பெரிய வட்டப் பலகைகள் ஒவ்வொன்றும் ஏழரை மீட்டர் அகலம். எழுதியவர் பெயர் காஜியஸ்கர் முஸ்தஃபா இஸ்ஸெத் எஃபெந்தி. படத்தைக் காட்டும்போது அந்தப் பட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1922-இல் சுல்தானகமும் 1924-இல் ஷரியத் நீதிமன்றங்களும் ஒழிந்தன.

நான் கேட்பது அரைப் பாடவேளை. 1453-ஐக் குறைக்க வேண்டாம், பீரங்கியையும் விட வேண்டாம். காபிஸ் வழக்கை ஏழு பிள்ளைகளைக் கொண்டு வகுப்பிலேயே நடத்திப் பாருங்கள். வஜீர், இரு காஜியஸ்கர், காபிஸ், முஃப்தி, இஸ்தான்புல் காஜி, சாளரத்தின் பின்னால் ஒருவர். முடிந்ததும் இரண்டே கேள்வி. வஜீர் தீர்ப்பைத் தடுத்தது சரியா? அந்த இரு நீதிபதிகளை நியமித்தவர் சாளரத்தின் பின்னால் இருந்தவர்தான் என்று முன்பே தெரிந்திருந்தால் உங்கள் விடை மாறுமா?

பிள்ளைகள் சொல்லும் விடைகளை எனக்கு எழுதி அனுப்புங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
வரலாற்றில் ஆர்வமுள்ள ஒரு வாசகர்